நெல்லுக்கு விலை கேட்டோம், சொல்லுக்கும் விலை கேட்போம்

(வண்ணாரப்பேட்டை தெருமுனைக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சாயங்காலம் டீக்கடையில நின்னப்போ ஒரு பெரியவர் கேட்டார்: "வயக்காடே இல்லாத ஊர்ல விவசாய சங்கத்துக்கு என்னய்யா கூட்டம்?" நியாயமான கேள்வி. மணலியில தயாராகிற யூரியாதான் எங்க நெல்லுக்குப் போகுது, எங்க நெல்லுதான் உங்க உலையில வேகுதுன்னு சொல்லிப் பார்த்தேன். அவருக்குத் திருப்தி இல்லை. அதனால இப்போ நேரா சொல்றேன். நான் இன்னைக்குப் பேசப் போற சரக்கு வயல்லயும் விளையுது, கடல்லயும் விளையுது, உங்க வீட்டு செல்போன்லயும் விளையுது. அதை அள்ளிட்டுப் போறவங்க ஒருத்தர்தான். அதுக்கு இதுவரைக்கும் யாருக்கும் விலை இல்லை, எடைச் சீட்டும் இல்லை.

முதல்ல என் சொந்தக் கதை. போன சொர்ணவாரிப் பட்டத்துல என் வயல்ல நெல் இலை நீளவாக்குல சுருண்டு, வெள்ளைக் கோடு கோடா இருந்தது. இலைச்சுருட்டுப் புழு. எனக்கே தெரியும், என் அப்பாவுக்கும் தெரியும். பையன்தான், "அப்பா, ஒரு ஆப் இருக்கு, போட்டோ எடுத்து அனுப்பினா என்ன நோய்னு ஏ.ஐ. சொல்லும்"னான். தனியார் கம்பெனி ஆப், பேரு வேண்டாம். அனுப்பினான். அது வேற ஏதோ நோய் பேரைச் சொல்லிச்சு. கீழே ஒரு கட்டம்: 'தவறு எனில் சரியான பெயரைத் தரவும்.' பையன் பேரை டைப் பண்ணினான். 'நன்றி'ன்னு வந்தது. மூணாவது நாள் ஒரு அம்மா போன் பண்றாங்க: "சார், இலைச்சுருட்டுப் புழுவுக்கு எங்ககிட்ட நல்ல மருந்து இருக்கு."

பாருங்க. வாத்தியாருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். பீஸ் கேட்கிறது வாத்தியார்.

செயற்கை நுண்ணறிவுங்கிறது ஆகாயத்துல இருந்து வந்த அறிவு இல்லை. லட்சக்கணக்கான படத்தைக் காட்டி, இது புகையான், இது ஆனைக்கொம்பன், இது குலைநோய்னு மனுஷன் பேரு எழுதிக் கொடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து மெஷின் பழகுது. அப்படிப் பழகக் கொடுக்கிற சரக்குக்குத்தான் பயிற்சித் தரவுன்னு பேரு. அந்தச் சரக்கு யார்கிட்ட இருக்கு? வரப்புல நடக்கிறவன்கிட்ட இருக்கு. குனிஞ்சு களை எடுக்கிற அம்மாகிட்ட இருக்கு. தண்ணியோட நிறத்தைப் பார்த்தே எங்கே வலை விடணும்னு சொல்ற மீனவர்கிட்ட இருக்கு.

இது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சதும் இல்லை. 2004 ஜனவரியில கிசான் கால் சென்டர் வந்தது. 1551க்கு போன் பண்ணி நாம கேட்ட கேள்வியும் அவங்க சொன்ன பதிலும் குறிப்பாகி, மத்திய அரசோட திறந்த தரவு இணையதளத்துல யார் வேணா எடுத்துக்கலாம்னு இருக்கு. அதை வெச்சு விவசாயத்துக்குப் பதில் சொல்ற மென்பொருள் செஞ்சு பார்த்தவங்க பல பேர். உழவன் செயலி 2018ல வந்தது. அதுல பயிர்ப் படத்தை அனுப்பினா பூச்சி, நோயைக் கண்டுபிடிக்கிற வசதியைத் தமிழ்நாடு மின் ஆளுமை முகமை செஞ்சு கொடுத்தது. 2024 ஆகஸ்டில மத்திய அரசு தேசிய பூச்சி கண்காணிப்பு அமைப்புன்னு ஒண்ணு தொடங்கினாங்க, அதுவும் நாம அனுப்புற படத்துல ஓடுறதுதான். இதெல்லாம் தப்புன்னு நான் சொல்லலை. அரசாங்கம் விவசாயிக்கு இலவசமா ஆலோசனை சொல்லுதுன்னா சந்தோஷம். பொதுவுல வெச்ச பானையில இருந்து எவன் மொண்டு போய் பாட்டில்ல அடைச்சு விக்கிறான்னு கணக்கு இல்லாததைத்தான் கேட்கிறோம்.

'இந்தக் குப்பைக்கெல்லாம் என்னய்யா விலை'ன்னு கேட்கிறவங்களுக்கு ரெண்டு கணக்கு. 2013ல மான்சாண்டோ, அதாவது நமக்குப் பருத்தி விதை வித்த அதே மான்சாண்டோ, அமெரிக்காவுல கிளைமேட் கார்ப்பரேஷன்னு ஒரு கம்பெனியை வாங்கினான். அந்தக் கம்பெனிகிட்ட இருந்தது வானிலை விவரம், மண் விவரம், அதைக் கணக்குப் போடுற மென்பொருள். விலை சுமார் 93 கோடி டாலர். இன்னொண்ணு 2025ல நடந்தது. ஆந்த்ரோபிக் என்கிற அமெரிக்க ஏ.ஐ. கம்பெனி, திருட்டுத்தனமா இணையத்துல கிடந்த புத்தகங்களை எடுத்த வழக்குல, எழுத்தாளர்களுக்கும் பதிப்பகங்களுக்கும் 150 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கிட்டது. கிட்டத்தட்ட 5 லட்சம் புத்தகம், புத்தகம் ஒண்ணுக்கு சுமார் 3,000 டாலர்.

அந்த வழக்குல நாம கவனிக்க வேண்டிய சங்கதி வேற ஒண்ணு. எடுத்த எல்லாப் புத்தகத்துக்கும் பணம் வரலை. அமெரிக்க காப்புரிமை அலுவலகத்துல முறைப்படி பதிவு செஞ்சிருந்த புத்தகத்துக்குத்தான் வந்தது. பதிவேட்டுல பேரு இருந்தவனுக்குப் பணம், இல்லாதவனுக்கு ஒண்ணும் இல்லை. நம்ம சட்டத்துலயும் போட்டோவுக்கு உரிமைக்காரர், 1957ஆம் வருஷச் சட்டப்படி, அதை எடுத்தவர்தான். என் பையன் எடுத்த அந்தப் படமும் அவனுதுதான். ஆனா அவன்தான் எடுத்தான்னு எந்த ஏட்டுல இருக்கு?

மஞ்சள் கதை ஞாபகம் இருக்கா? காயத்துக்கு மஞ்சள் போடுறதுக்கு 1995ல அமெரிக்காவுல பேடன்ட் கொடுத்தாங்க. 1997ல அது ரத்தாச்சு. எப்படி? நம்ம பாட்டி சொன்னாங்கன்னு சாட்சி சொல்லி ரத்தாகலை. மத்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் அச்சான கட்டுரையையும் கொண்டு போய் மேஜையில போட்டுது. எழுத்துல, தேதியோட இருந்ததால ஜெயிச்சோம்.

இந்த இடத்துலதான் பிளாக்செயின்னு ஒரு சங்கதி வருது. பிட்காயின், சூதாட்டம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தச் சூதாட்டம் நமக்கு வேண்டாம். அதுக்குள்ள இருக்கிற கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்ப்போம். அது என்னன்னு சொல்ல இந்த ஊரை விட நல்ல ஊர் கிடையாது.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல கப்பல் ஏறப் போற துணியை வெளுத்து, சலவை செஞ்சு கொடுத்த தொழிலாளிகள் குடியிருந்த பேட்டை இது. அந்தத் தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. சேங்கொட்டைச் சாறைத் தொட்டு, துணியோட ஓரத்துல சின்னதா ஒரு குறி. வீட்டுக்கு ஒரு குறி. நூறு வீட்டுத் துணியும் ஒரே வெள்ளாவியில வெந்தாலும், கல்லுல அடிச்சாலும், அந்தக் குறி போகாது. எழுதப் படிக்கத் தெரியாத கை போட்ட குறி, கடைசியில சரியான வீட்டுக்குத் துணியைக் கொண்டு வந்து சேர்க்கும்.

பிளாக்செயின் அந்தச் சேங்கொட்டைக் குறி மாதிரி. நான் எடுத்த படத்துல இருந்து கணினி ஒரு ரேகை எடுக்கும். கட்டைவிரல் ரேகை மாதிரி, அந்தப் படத்துக்கு மட்டும் உரியது. அந்த ரேகை, தேதி, 'இதை இன்ன வேலைக்கு, இன்ன விலைக்கு எடுத்துக்கலாம்' என்கிற நிபந்தனை, இதை மட்டும் ஒரு ஏட்டுல பதிவாங்க. ஏடு ஒரே ஆபீஸ்ல இருக்காது. வி.ஏ.ஓ. கையில இருக்கிற அடங்கல்ல ஒரு வரியை அடிச்சு எழுதினா நமக்குத் தெரியவே தெரியாது. இங்கே அதே அடங்கல் நூறு இடத்துல இருக்கும், ஒரு பக்கத்தோட முடிச்சு அடுத்த பக்கத்துல இருக்கும். ஒருத்தன் திருத்தினா மத்த தொண்ணூத்தி ஒன்பது ஏடும் காட்டிக் கொடுக்கும். ஏ.ஐ.க்கு வேண்டிய தரவை இப்படிக் குறி போட்டு லைசென்ஸ் கொடுக்கிறதுக்குன்னே ஓஷன் புரோட்டோகால், ஸ்டோரின்னு வெளிநாட்டுல அமைப்புகள் வந்தாச்சு. நம்ம மாநிலமும் சும்மா இல்லை. 2020 செப்டம்பர்ல ஏ.ஐ.க்கு ஒரு கொள்கை, பிளாக்செயினுக்கு ஒரு கொள்கைன்னு அரசு வெளியிட்டது. மின் ஆளுமை முகமை 'நம்பிக்கை இணையம்'னு நல்ல தமிழ்ப் பேரு வெச்சு ஒரு பிளாக்செயின் கட்டமைப்பையும் செஞ்சது.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா? அவசரப்படாதீங்க.

குறி போட்டவன் தப்பாப் போட்டா, அழியாத மையில அழியாத தப்பு. 2020ல பி.எம். கிசான் மோசடி நம்ம மாநிலத்துலதான் நடந்தது. தகுதியில்லாத 5 லட்சத்துக்கு மேற்பட்ட பேர் பட்டியல்ல ஏறினாங்க, 110 கோடி ரூபாய் போச்சு. அதிகாரிகளோட பாஸ்வேர்டை வாங்கி யாரோ பதிவு செஞ்சாங்க. அது பிளாக்செயின்ல இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்தப் பொய்யும் பத்திரமா, நூறு காப்பியா இருந்திருக்கும். ஏட்டுக்கு உண்மை பொய் தெரியாது. ஏட்டை எழுதுறவன் யாருங்கிறதுதான் கேள்வி.

இன்னொரு சங்கடமும் இருக்கு. கரும்பு போடுறவங்க உடனே புரிஞ்சுக்குவீங்க. ஆலை வாசல்ல எடைமேடை இருக்கு, என் வண்டிக்கு எடைச் சீட்டு தர்றாங்க. உள்ளே போய்ப் பிழிஞ்சாச்சுன்னா, மூட்டையில இருக்கிற சர்க்கரையில எது என் வயல் கரும்புன்னு எந்தக் கொம்பனாலயும் பிரிக்க முடியாது. ஏ.ஐ.யும் அப்படித்தான். என் படத்தைப் பார்த்து மெஷின் பழகின பிறகு, அந்தப் பழக்கத்துல என் பங்கு எவ்வளவுன்னு துல்லியமா சொல்ல இன்னைக்கு வழி இல்லை. அதனால எடை போட வேண்டியது வாசல்ல. பிழியறதுக்கு முன்னாடி.

சரி, எடைச் சீட்டு இருந்தா பணம் வந்துடுமா? 1966ஆம் வருஷ கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்ன சொல்லுது? 14 நாளுக்குள்ள பணம் தரணும், தவறினா 15 சதம் வட்டி. சட்டம் இருந்தது, சீட்டும் இருந்தது. 2013-14ல இருந்து நாலு பருவத்துக்கு, மாநில அரசு அறிவிச்ச பரிந்துரை விலையைத் தனியார் ஆலைகள் பாக்கி வெச்சதும், நாம ரோட்டுல உட்கார்ந்ததும் எல்லாருக்கும் தெரியும். என் வீட்டு டிரங்குப் பெட்டியில அந்தச் சீட்டு இன்னும் பத்திரமா இருக்கு. சீட்டு அழியலை. பணம்தான் வரலை.

இந்த ஒரு விஷயத்துல பிளாக்செயின்காரங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேட்கணும்னு நினைக்கிறேன். ஸ்மார்ட் கான்ட்ராக்ட்னு ஒண்ணு சொல்றாங்க. வாங்குறவன் பணத்தை முன்கூட்டியே பொதுப் பெட்டியில போடணும், போட்டாத்தான் சரக்கோட பூட்டு திறக்கும், திறந்த உடனே பங்கு தானாப் பிரிஞ்சு கணக்குக்குப் போகும். அதாவது ஆலை வாசல்ல பணத்தைக் கட்டினாத்தான் கரும்பு வண்டி உள்ளே போகும்! கரும்பு ஆணையால நமக்குக் கிடைக்காத ஒண்ணு இது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தத் தொழில்நுட்பத்தை நாம ஒதுக்கக் கூடாது. ஆனா கம்பெனிக்காரன் இந்த வாசல் வழியா வரணும்னு யார் சொல்றது? பக்கத்துச் சுவர் ஏறிக் குதிச்சு எடுத்துட்டுப் போறான். வாசலுக்குப் பூட்டு போடுறது தொழில்நுட்பம். சுவர் கட்டுறது சட்டம். ரெண்டும் வேணும்.

சட்டத்துல என்ன நடக்குது? 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பர்லதான் வந்தது, முக்கியமான கடமைகள் அமலாக 2027 மே வரைக்கும் அவகாசம் கொடுத்திருக்காங்க. அதுல ஒரு நல்லது, சம்மதம் கேட்கிற அறிவிப்பைத் தமிழ்ல கேட்டு வாங்கலாம். இப்போ பத்துப் பக்கம் இங்கிலீஷ்ல வந்து, கடைசியில 'ஒப்புக்கொள்கிறேன்'னு ஒரு பொத்தான் மட்டும் தமிழ்ல இருக்கு. ஆனா அந்தச் சட்டம் ஆளைப் பத்தின விவரத்துக்குத்தான். புழு அரிச்ச இலைப் படத்துக்கு அது பொருந்தாது. 2025 டிசம்பர்ல மத்திய தொழில், உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. ஏ.ஐ. கம்பெனிங்க எல்லாப் படைப்பையும் எடுத்துக்கலாம், 'தர மாட்டேன்'னு யாரும் சொல்ல முடியாது, ஆனா ராயல்டி கட்டணும், அதை ஒரே மைய அமைப்பு வசூலிச்சுப் பிரிக்கும்னு யோசனை. சினிமாக்காரங்களுக்கு சங்கம் இருக்கு, பாட்டுக்காரங்களுக்கு சங்கம் இருக்கு. அவங்க போய் பங்கு கேட்பாங்க. வரப்புல இருந்து படம் அனுப்பினவன் சார்பா அந்த மேஜையில யார் உட்காரப் போறது?

உட்கார முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கு. அகத்தியமலையில கேரளப் பக்கம் காணிக்காரப் பழங்குடியினர் 'ஆரோக்கியப்பச்சை'ங்கிற செடியோட குணத்தைச் சொன்னாங்க. அதுல இருந்து மருந்து செய்யற உரிமையை 1995ல கோயம்புத்தூர் மருந்து நிறுவனத்துக்குக் கொடுத்தப்போ, 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில 2 சதம் ராயல்டி, அதுல சரிபாதி காணி மக்களுக்கு. 1997ல அவங்க பேர்ல அறக்கட்டளை வெச்சுப் பணம் போச்சு. அந்த ஏற்பாட்டுலயும் சண்டை சச்சரவு இருந்தது, ஒளிக்கலை. ஆனா தனி ஆளா இல்லாம, சமூகமா நின்னு வாங்கினாங்க.

பெங்களூர்ல கார்யான்னு ஒரு அமைப்பு இருக்கு. கர்நாடக கிராமத்து ஜனங்க கன்னடத்துல படிச்சுப் பேசிப் பதிவு செஞ்சு தர்றாங்க, மணிக்கு சுமார் 5 டாலர், அதாவது 400 ரூபாய்க்கு மேல. அந்தத் தரவை மறுபடி வித்தா பேசினவங்களுக்கும் பங்குன்னு ஏற்பாடு. இதுக்கு அவங்களுக்கு பிளாக்செயின் தேவைப்படலை. மனசும் ஒழுங்கான ஏடும் இருந்தது, போதுமா இருந்தது. பிளாக்செயின் வந்தாத்தான் நியாயம் கிடைக்கும்னு யாராவது வந்து கருவி விக்கப் பார்த்தா இதைச் சொல்லுங்க. ஆனா எல்லா கம்பெனியும் கார்யா இல்லை. மனசு இல்லாதவன்கிட்ட வியாபாரம் செய்யத்தான் அழியாத குறி வேணும்.

இப்போ ரொம்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். குறி யார் பேர்ல போடுறது?

2024 செப்டம்பர்ல மத்திய அமைச்சரவை 2,817 கோடி ரூபாய்ல டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 11 கோடி விவசாயிகளுக்கு அடையாள எண். தமிழ்நாட்டுல 2025ல கிராமம் கிராமமா முகாம் போட்டுப் பதிஞ்சாங்க. அந்த எண் எதோட கட்டியிருக்கு? பட்டாவோட. குத்தகைக்காரருக்குப் பட்டா இல்லை. கூலிக்குக் களை எடுக்கிற அம்மாவுக்குப் பட்டா இல்லை. ஆனா கோரை எது, நெல்லு எதுன்னு முளையிலேயே பிரிக்கிற கண்ணு அந்த அம்மாவோட கண்ணு. நாளைக்கு ராயல்டி வந்தா, அது சென்னையில குடியிருந்துக்கிட்டு ஊர்ல பட்டா மட்டும் வெச்சிருக்கிறவர் கணக்குக்குப் போகும். அழியாத ஏட்டுல, நூறு காப்பியில, தப்பான ஆளு பேரு. அப்படி ஒரு பிளாக்செயின் வர்றதை விட வராம இருக்கிறதே நல்லது.

காசிமேட்டு நண்பர்களுக்கும் இதே கேள்விதான். விசைப்படகுல இஸ்ரோ செஞ்ச டிரான்ஸ்பாண்டர் பொருத்தினாங்க. புயலுக்கு அது உயிர் காக்கும், வேணும். ஆனா எந்த மாசம் எந்தப் பக்கம் படகு போகுதுங்கிறது உங்க பரம்பரை அறிவு. அது ஒரு நாள் மெஷினுக்குப் பாடமாச்சுன்னா, குறி படகு முதலாளி பேர்லயா, கூட ஏறின ஆளு பேர்லயா? இப்பவே பேசி வையுங்க.

ஆக, சங்கத்தோட கோரிக்கையைச் சொல்லிடறேன். அரசு செயலிகளுக்கு நாம அனுப்புற படமும் குரலும் வியாபாரத்துக்குப் போறதா இருந்தா, அதுக்கு முன்னாடி தனியா, தமிழ்ல, வாய்மொழியாவும் சம்மதம் கேட்கணும். 'நம்பிக்கை இணையம்' அரசுகிட்டயே இருக்கு, அதுல வேளாண் தரவுக்கு ஒரு ஏடு தொடங்குங்க. ஆனா அதுல பேரு, ஆதார் எண், சர்வே நம்பர் எதையும் எழுதாதீங்க. பின்னால அழிக்கச் சொன்னா அழிக்க முடியாத இடத்துல மனுஷனோட ஜாதகத்தை எழுதக் கூடாது. ரேகையும் நிபந்தனையும் மட்டும் போதும். யாரோட ரேகைங்கிற பட்டியல் விவசாயிகளும் கூலித் தொழிலாளிகளும் உறுப்பினரா இருக்கிற கூட்டுறவு அமைப்புகிட்ட இருக்கணும். பட்டா கேட்கக் கூடாது, தரவு கொடுத்தவர் யாரோ அவர்தான் உறுப்பினர். லைசென்ஸ் கொடுக்கிறதும் விலை பேசுறதும் அந்த அமைப்பு. கம்பெனி பணத்தை முதல்ல கட்டணும், அப்புறம்தான் பூட்டு திறக்கும். டில்லியில ராயல்டி பிரிக்க மைய அமைப்பு வந்தா அதுல நம்ம ஆளுக்கு நாற்காலி வேணும்.

இது ஆகிற காரியமான்னு நம்ம ஆளுங்களே சிலர் சிரிக்கிறாங்க. விதைக்கு உரிமை கேட்டப்பவும் சிரிச்சாங்க. 2001ல வந்த சட்டத்துல, புது ரகம் உண்டாக்கின விவசாயியும் ரகம் உருவாக்கினவர்தான்னு எழுதினாங்க. பல வருஷம் பேசினதுக்கு அப்புறம் எழுதினாங்க.

மேடைக்கு இடது பக்கம் ஒரு மேஜை போட்டிருக்கோம். மனுவுல கையெழுத்து வாங்குறாங்க, கைநாட்டும் செல்லும். போனை எடுத்துட்டு வந்தவங்க அங்கே இருக்கிற பிள்ளைங்ககிட்ட கொடுங்க. எந்த ஆப் உங்க கேமராவையும் மைக்கையும் எடுத்துக்க அனுமதி வாங்கி வெச்சிருக்குன்னு காட்டுவாங்க, வேண்டாததை நிறுத்தியும் தருவாங்க. மீஞ்சூர் பஸ் ஒன்பதரைக்கு. அதுக்குள்ள முடிச்சுக்குங்க.